சேலையைத் திருப்பிப் பாருங்கள்

(தேசியக் கைத்தறி நாளையொட்டி நமது குடியிருப்போர் நலச்சங்கம் சமூகக்கூடத்தில் நடத்திய மாலைக் கூட்டத்தில், நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஜவுளித்துறை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காகக் கேள்வி பதில் பகுதியையும் சேர்த்திருக்கிறோம்.)



கைத்தறி நாளுக்கு ஏன் ஆகஸ்ட் 7 என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1905ஆம் ஆண்டு இதே தேதியில்தான் கல்கத்தா டவுன்ஹாலில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது. அதன் நினைவாக 2015இல் முதல் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்பட்டது. அந்த முதல் விழா நடந்தது சென்னையில்.

என்ன பேச வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். மூன்று கேள்விகளைக் கொடுத்தார். இக்கத் என்றால் என்ன? இயற்கைச் சாயம் என்று சொல்லி விற்கிறார்களே, அது உண்மையா? தீபாவளிக்கு முன்னால் நம் வளாகத்தில் கடை போடுகிறவர்கள் சொல்லும் விலை நியாயமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் முதல் இரண்டில் இருக்கிறது. அதனால் வரிசையாகவே போகலாம்.

இக்கத் என்றால் என்ன?

துணியில் ஒரு பூவைக் கொண்டுவர பல வழிகள் உண்டு. நெய்து முடித்த துணியின் மேல் அச்சடிக்கலாம். நெய்யும்போதே வேறு நிற நூலை ஊடே விட்டு எடுக்கலாம். காஞ்சிபுரம் பட்டில் வரும் புட்டா அப்படித்தான். நம் மதுரைச் சுங்குடியில் நெய்த துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் போடுவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் புள்ளி தெரியும்.

சுங்குடியில் கட்டுவது துணியை. இக்கத்தில் கட்டுவது நூலை. துணியே இன்னும் பிறக்கவில்லை. வெறும் நூலை அளந்து, கட்டு கட்டாகப் பிரித்து, எந்த இடத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று குறியிட்டு, சாயம் ஏறக் கூடாத இடத்தை இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். காய்ந்த பிறகு சில கட்டுகளை அவிழ்த்து, வேறு இடத்தில் கட்டி, அடுத்த சாயத்தில் முக்குகிறார்கள். எத்தனை நிறமோ அத்தனை சுற்று. அதன் பிறகுதான் நூல் தறிக்குப் போகிறது. நெய்ய நெய்ய, நூலில் ஏற்கெனவே ஒளிந்திருந்த பூ துணியில் எழுந்து வருகிறது.

இக்கத் என்பதே மலாய், இந்தோனேசிய மொழிகளிலிருந்து வந்த சொல். கட்டுவது என்று பொருள். ஒடிசாவில் பந்தா என்கிறார்கள். குஜராத்தில் பட்டோலா. நம் கடைகளில் போச்சம்பள்ளி என்று கேட்டு வாங்குகிறோம். அது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி அல்ல. தெலங்கானாவில் இருக்கும் பூதான் போச்சம்பள்ளி. 1951இல் வினோபா பாவேயின் பூமிதான இயக்கம் தொடங்கிய ஊர்.

பாவு நூலை மட்டும் கட்டிச் சாயமிட்டாலும், ஊடை நூலை மட்டும் கட்டினாலும் அது ஒற்றை இக்கத். இரண்டையும் கட்டிச் சாயமிட்டால் இரட்டை இக்கத். பாவில் இருக்கும் சிவப்பும் ஊடையில் இருக்கும் சிவப்பும் தறியில் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பூவின் கரை கலையும். அதனால் நெசவாளர் சில ஊடைகளை ஓட்டியதும் நிறுத்தி, ஊசியால் நூலை நகர்த்திச் சரிசெய்துகொண்டே போகிறார். இரட்டை இக்கத் நெய்யும் மரபு உலகில் மூன்று நாடுகளில்தான் பேர் பெற்றது. இந்தியா, ஜப்பான், இந்தோனேசியாவின் பாலித் தீவில் இருக்கும் தெங்கனான் என்ற ஒரே ஒரு கிராமம்.

எண்ணெயில் ஊறிய நூல்

இந்தியாவின் இரட்டை இக்கத்தில் பட்டோலா எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றைப் பற்றி. தேலியா ருமால். தேல் என்றால் எண்ணெய், ருமால் என்றால் சதுரத் துணி. எண்ணெய்த் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து விஜயவாடா போகும் ரயிலில் ஓங்கோலைத் தாண்டியதும் சீராலா என்ற ஊர் வரும். இந்தத் துணியின் பழைய ஊர் அதுதான். குடியிருப்போர் சங்கத்தில் பேசுவதால் அந்த ஊரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1921இல், நகராட்சி வரியை எதிர்த்து, துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யா தலைமையில் சீராலா, பேராலா மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே போய்ப் பதினோரு மாதம் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். நம் செயலாளர் பயப்பட வேண்டாம், பராமரிப்புக் கட்டணத்துக்காக யாரும் அப்படிச் செய்யப் போவதில்லை.

தேலியா ருமாலை அந்தக் கரையோர மீனவர்களும் மாடு மேய்ப்பவர்களும் தலைப்பாகையாகவும் இடுப்புத் துணியாகவும் கட்டினார்கள். வளைகுடா நாடுகளுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தலைத்துணியாக ஏற்றுமதியானது. எண்ணெய் ஊறிய நூல் என்பதால் வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று வாங்கினார்கள். நிறம் பெரும்பாலும் மூன்றுதான்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை. சதுரம், வைரம், நட்சத்திரம் என்று கோலம் போட்டது போன்ற வடிவங்கள். பின்னால் காலத்துக்கேற்ப கடிகாரம், ஆகாய விமானம்கூட அதில் ஏறின.

நூலில் எண்ணெய் எதற்கு? குளிர்ச்சிக்கு மட்டுமல்ல. பட்டும் கம்பளியும் சாயத்தை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல. அதற்குத் தனியாக ஆயத்தம் செய்ய வேண்டும். ஆமணக்குக் காயின் தோட்டை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெய் சேர்த்து, நூலை அதில் பிசைந்து ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். மறுநாள் மறுபடியும். இப்படி இரண்டு மூன்று வாரம். சாம்பலில் இருக்கும் காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்புக் கரைசல் போல ஆகி நூலுக்குள் இறங்குகிறது. அதன் மேல் படிகாரம். அதற்கும் மேல் சாயம். ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் அந்தச் சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை. துவைக்கத் துவைக்கத் தெளிகிறது என்றுதான் நெசவாளர்கள் சொல்வார்கள்.

பாலியின் தெங்கனான் கிராமத்திலும் நூலை ஒருவகைக் கொட்டையின் எண்ணெயில் ஊறவைத்துத்தான் சாயமிடுகிறார்கள். அங்கே சிவப்புக்கு நுணா இனத்து மரத்தின் வேர். நாம் மஞ்சணத்தி என்று சொல்லும் மரத்துக்குச் சொந்தக்காரன். கடலின் இரு கரையிலும் பருத்தியைச் சிவப்பாக்க எண்ணெய்தான் வழி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இயற்கைச் சாயம் என்பது உண்மையா?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு காலத்தில் எல்லாமே இயற்கைச் சாயம்தான். கோரமண்டல் கரைச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்றும் அதற்குப் பெயர். கடலோர மணலில் வளரும் சின்னச் செடி. நம் ராமேஸ்வரம் பக்கமும், அக்கரையில் மன்னார், யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுத்தார்கள். இலங்கையின் அந்தக் கரையை ஆண்ட டச்சுக்காரர்கள் சாயவேர் தோண்டுவதையே ஒரு வருமானமாக வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புக்கு, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்த கரைசல். நீலத்துக்கு அவுரி. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி இன்றும் பயிராகிறது.

சாயவேர், நுணாவேர், மஞ்சிட்டி போன்றவற்றில் சிவப்பைத் தரும் பொருள்கள் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் முக்கியமானது அலிசரின். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தார்கள். சில ஆண்டுகளில் தொழிற்சாலை அலிசரின் உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு வெயிலில் குனிந்து வேர் தோண்டுகிறவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? சாயவேர் தொழில் மெல்ல மெல்லப் போய்விட்டது.

இன்று தேலியா ருமால் நெய்பவர்களிலும் பலர் எண்ணெய், சாம்பல் முறையை அப்படியே செய்துவிட்டு, சிவப்புக்குக் கடையில் வாங்கிய அலிசரினைப் பயன்படுத்துகிறார்கள். போச்சம்பள்ளி என்று நாம் வாங்கும் சேலைகளில் மிகப் பெரும்பாலானவை இரசாயனச் சாயத்தில் செய்தவை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, மறைக்காமல் சொன்னால். கைத்தறி என்பது ஒரு தகுதி. இக்கத் என்பது இன்னொரு தகுதி. இயற்கைச் சாயம் என்பது மூன்றாவது தகுதி. மூன்றும் ஒரே துணியில் இருக்கலாம், ஒன்றே ஒன்று மட்டும் இருக்கலாம். விற்பவர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது நாம் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இயற்கைச் சாயம் என்றால் மங்கலாக இருக்கும், சாயம் போகும் என்ற எண்ணமும் சரியல்ல. தேலியா சிவப்பும் ஒழுங்காகச் செய்த அவுரி நீலமும் பல தலைமுறை தாங்கும். மஞ்சள் கிழங்கின் மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். எந்தச் சாயம், எப்படி ஏற்றினார்கள் என்பதுதான் கேள்வி. ஆனால் பளீரென்று கண்ணைப் பறிக்கும் ரோஸும் கிளிப்பச்சையும் காட்டி, எல்லாம் மூலிகை என்று ஒருவர் சொன்னால், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

தறிக்கு முன்னால் இருக்கும் உழைப்பு

கைத்தறி என்றதும் நம் மனக்கண்ணில் தறியும் அதில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரும்தான் வருகிறார்கள். இக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த வேலையில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது.

தெலங்கானாவில் ஆசு என்று ஒரு வேலை உண்டு. அரைவட்டமாக அடித்த முளைகளில் நூலை முன்னும் பின்னுமாக வரிசை தவறாமல் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்குக் கை சுமார் 9,000 முறை போய் வர வேண்டும். வீட்டில் அம்மாவோ மனைவியோதான் செய்வார்கள். தோள்பட்டை தேய்ந்துவிடும். ஆலேரு பக்கத்தைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், தன் தாய் இந்த வேலையில் படும் வலியைப் பொறுக்காமல் பல ஆண்டு முயன்று 1999இல் ஆசு இயந்திரத்தை உருவாக்கினார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். இயந்திரத்துக்குத் தாயின் பெயரான லட்சுமியையே வைத்தார். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் கதை தெலுங்கில் படமாகவும் வந்திருக்கிறது. கைத்தறிக்கு இயந்திரம் ஆகாது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். வலியை எடுத்து, கலையை விட்டுவைத்த இயந்திரம் அது.

சீராலாவில் மங்கிப்போன தேலியா ருமாலை இன்று தூக்கி நிறுத்தியிருப்பது தெலங்கானாவின் புட்டபாகா கிராமம். அந்த ஊர் நெசவாளர்களான கஜம் கோவர்தனாவுக்கு 2011இலும் கஜம் அஞ்சய்யாவுக்கு 2013இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. தேலியா ருமாலுக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விருதுகள் மகிழ்ச்சிதான். மொத்தக் கணக்கு அப்படி இல்லை. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 70 சதவிகிதத்துக்கும் மேல் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பவை. நம்மில் பலர் கார் நிறுத்துமிடத்துக்கும் பராமரிப்புக்கும் மாதம் கட்டுவது அதற்குப் பக்கத்தில் வரும்.

போலி எதைத் திருடுகிறது?

இப்போது மூன்றாவது கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நூல் ஆயத்தம், கட்டுவது, சாயம், பாவு, நெசவு எல்லாம் சேர்த்து ஒரு நல்ல இரட்டை இக்கத் சேலைக்கு 40 ஆள்நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் கூலி வெறும் 400 ரூபாய் என்றாலே 16,000 ரூபாய். நூல், சாயம், கடை வாடகை எதுவும் இதில் சேரவில்லை. அப்படியிருக்க, இரட்டை இக்கத், கைத்தறி, இயற்கைச் சாயம் என்று சொல்லி 1,500 ரூபாய்க்கு ஒருவர் கொடுத்தால் என்ன அர்த்தம்? இக்கத் வடிவத்தைத் துணியில் அச்சடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அச்சடித்த துணி வாங்குவது குற்றமில்லை. என் வீட்டிலும் இருக்கிறது. அச்சு என்று சொல்லி அச்சு விலைக்கு விற்றால் யாருக்கும் நட்டமில்லை. அதையே இக்கத் என்று சொல்லி 5,000 ரூபாய்க்கு விற்கும்போது இரண்டு பேர் பணத்தை இழக்கிறார்கள். ஒருவர் நாம். இன்னொருவர் வாரக்கணக்கில் நூலைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண். அவர் உழைப்பு துணியில் தனியாகத் தெரியாது. தெரியாததால்தான் அதை எளிதாகத் திருட முடிகிறது. அதனால் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் நாம் அவருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

எப்படிப் பார்ப்பது?

முதலில் சேலையைத் திருப்பிப் பாருங்கள். இக்கத்தில் நிறம் நூலுக்குள்ளேயே இருப்பதால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சில் பெரும்பாலும் உள்பக்கம் வெளுத்திருக்கும்.

அடுத்து, முந்தானை ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றைப் பிரித்து விரலில் உருட்டிப் பாருங்கள். இக்கத் நூலில் நிறம் சுற்றிலும் ஏறியிருக்கும், நூல் போகப் போக நிறம் மாறும். அச்சில் ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். நூல் முழுக்க ஒரே நிறமாக இருந்து பூ மட்டும் தெரிந்தால், அது ஜக்கார்டு போன்ற வேறு நெசவாக இருக்கலாம்.

மூன்றாவது, பூவின் கரை. இக்கத்தில் கரை கொஞ்சம் கலைந்து, இறகு போல இருக்கும். அதையும் அச்சில் வரைந்துவிடுகிறார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சில் இரண்டிலும் கரை ஒரே மாதிரி கலைந்திருக்கும். கையால் கட்டியதில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

இந்த மூன்றும் இக்கத்தா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும். கட்டிச் சாயமிட்ட நூலை விசைத்தறியில் நெய்வதும் உண்டு. கைத்தறிதானா என்பதற்குக் கைத்தறி முத்திரையைப் பாருங்கள். அந்த முத்திரை கையால் நெய்ததற்கு மட்டுமே சாட்சி, சாயத்துக்கு அல்ல. சாயத்தைப் பற்றி விற்பவரிடம் கேட்க வேண்டும்: சிவப்புக்கு என்ன போட்டார்கள், கறுப்புக்கு என்ன? தெரிந்தவர் வேர் பெயரையோ தோல் பெயரையோ சட்டென்று சொல்வார். இது அலிசரின், இயற்கை இல்லை என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், அவரிடம் தாராளமாக வாங்குங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தீபாவளிக்கு முன் கடை போட வருகிறவர்களிடம் நிர்வாகக் குழு ஏற்கெனவே பெயர், முகவரி, மேசை வாடகை வாங்குகிறது. அந்தப் படிவத்தில் நான்கு வரி சேர்க்கலாம். நூல்: பருத்தியா, பட்டா, கலப்பா? வடிவம்: கட்டிச் சாயமிட்டதா, நெசவில் எடுத்ததா, அச்சா? தறி: கைத்தறியா, விசைத்தறியா? சாயம்: இயற்கையா, இரசாயனமா? பூர்த்தி செய்த தாளைக் கடை மேசையிலேயே ஒட்டி வைக்கச் சொல்லலாம். யாரையும் தடுக்க வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். உண்மையான சரக்கு வைத்திருப்பவருக்கு அதுவே விளம்பரம். செயலாளர் தலையாட்டுகிறார். குழு கூட்டத்தில் வைக்கிறேன் என்கிறார். நன்றி.

கேள்வி பதில்

கேள்வி: இயற்கைச் சாயத் துணியை வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்பில், முதல் சில முறை தனியாகத் துவையுங்கள். எலுமிச்சை, வினிகர், வெளுப்புப் பவுடர் எதுவும் கூடாது. புளிப்பும் காரமும் சில சாயங்களை மாற்றிவிடும். நிழலில் உலர்த்துங்கள். நம் வளாகத்துக்கு முக்கியமான ஒன்று: போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சளும் சிவப்பும் மங்கிக் கறுக்கும். அதனால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: அவுரி நீலம் கையில் ஒட்டுகிறதே, போலியா?

பதில்: அவசியமில்லை. அவுரி நூலின் மேற்பரப்பில் படிந்து நிற்கும் சாயம். புதிதில் கொஞ்சம் உதிரும். சில துவைப்புக்குப் பிறகு நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒவ்வொரு முறையும் தண்ணீர் நீலமானால் சாயமிட்டது சரியில்லை.

கேள்வி: தேலியா ருமால் எண்ணெய் வாசம் போகுமா?

பதில்: மெல்லக் குறையும். புதிதில் அந்த வாசம் இருப்பது நல்ல அடையாளம். பீரோவில் வைப்பதற்கு முன் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள்.

கேள்வி: இவ்வளவு விலை கொடுத்துச் சேலை வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

பதில்: சேலைதான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒற்றை இக்கத் பருத்தியில் துப்பட்டா, சட்டைத் துணி, தலையணை உறை எல்லாம் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. பத்து அச்சுத் துணிக்குப் பதில் ஒரு கட்டுத் துணி வாங்கினாலும் அந்தக் கூலி போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குப் போகும். நேரில் வந்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சில துணிகளைப் பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறேன். அச்சும் இருக்கிறது, இக்கத்தும் இருக்கிறது. எது எது என்று எழுதி வைக்கவில்லை. திருப்பிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.